புரட்டிப் பார்க்காத கோப்பைகள்

எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு வியாதி உண்டு. யார் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தாலும் சரி, தட்டில் சாப்பாடு விழுவதற்கு முன்னால் அதைத் தூக்கிப் புரட்டி, அடியில் என்ன முத்திரை இருக்கிறது என்று பார்த்துவிடுவோம். கல்யாண வீடு, துக்க வீடு என்ற வித்தியாசமெல்லாம் கிடையாது. பிரான்ஸில் இந்த லிமோஜில் பிறந்தவன் என்றால் அப்படித்தான். பீங்கான் சூளைகளை நம்பியே சோறு தின்ற ஊர் இது. வெளியூர்க்காரர்கள் எங்களோடு சாப்பிட உட்கார்ந்தால் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

என் வீட்டுக்காரர் ஒக்தாவுக்கு அந்த வியாதி முற்றிப்போயிருந்தது. ரயில்வேயில் சிக்னல் பார்க்கிற வேலை. ஞாயிற்றுக்கிழமையானால் பழைய சாமான் சந்தையில்தான் ஆள் கிடப்பார். போகும்போது வெறும் பை, வரும்போது பழைய செய்தித்தாளில் சுற்றிய கோப்பைகள். அவற்றைக் கழுவித் துடைத்து அடுக்குவது நான்தான். திட்டிக்கொண்டேதான் அடுக்குவேன்.

அந்தப் பழைய கோப்பைகளின் அடியில் பெரும்பாலும் இரண்டு முத்திரைகள் இருக்கும். பச்சையில் இருப்பது வெள்ளைப் பீங்கானைச் செய்து சுட்டவனுடையது. மெருகுக்கு அடியில் இருப்பதால் தடவினால் தெரியாது. சிவப்பில் இருப்பது அதன்மேல் பூவோ பறவையோ தீட்டியவனுடையது. மெருகுக்கு மேலே எழுதி மறுபடியும் சுட்டது என்பதால் விரலுக்கு லேசாகத் தட்டுப்படும். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். இத்தனை வருஷம் துடைத்தால் உங்களுக்கும் தெரியும். ஆனால் எனக்கு அந்த வியாதி கிடையாது என்றுதான் அன்றுவரை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எங்கள் பையன் கஸ்பார் நகராட்சி நீச்சல் குளத்தில் நீச்சல் சொல்லிக்கொடுக்கிறான். மருந்துக்கடையில் வேலை பார்க்கிற மாயெல் என்ற பெண்ணை அவனுக்குப் பிடித்துவிட்டது. அவளுக்கும் அவனைப் பிடித்திருந்தது. சிக்கல் அவளுடைய அப்பா. அவர் பெயர் அர்மான். கார் ஓட்ட உரிமம் கேட்டு வருகிறவர்களுக்குத் தேர்வு வைக்கிற அதிகாரி. எங்கள் ஊரில் பாதிப் பேரைப் பெயிலாக்கினவர் அவர்தான். மீதிப் பாதி, அவர் விடுமுறையில் இருந்தபோது தேர்வுக்குப் போனவர்கள் என்று ஒக்தாவ் சொல்வார். ஒக்தாவையும் அவர் ஒரு தடவை பெயிலாக்கியிருந்தார்; அப்படியொரு விடுமுறையில்தான் இவர் தேறினார்.

ஜூன் மாதத்தில் ஒருநாள் மாயெல் என் சலவைக் கடைக்கு வந்தாள். கஸ்பாருக்குத் தெரியாமல்தான் வந்திருந்தாள்.

"மேடம், அடுத்த ஞாயித்துக்கிழமை நீங்க மூணு பேரும் எங்க வீட்டுக்குச் சாப்பிட வரணும்."

"வர்றோம்மா. அதுக்கு ஏன் இப்படி முகத்தைத் தொங்கப் போட்டுட்டு நிக்கறே?"

"அப்பாவுக்குப் பிடிக்கணும்."

முப்பதை நெருங்குகிற பெண் அப்பாவின் அனுமதிக்குக் காத்திருக்கிறாளா என்று நீங்கள் மூக்கின்மேல் விரல் வைப்பீர்கள். நானும் வைத்தேன். அவள் என் இஸ்திரி மேஜையில் கிடந்த சட்டையைத் தானாகவே மடிக்க ஆரம்பித்தாள். தப்பாகத்தான் மடித்தாள். நான் விட்டுவிட்டேன்.

"அம்மா போனதுக்கு அப்புறம் வீட்ல நானும் அவரும்தான். நானும் போயிட்டா அவரு யார்கிட்ட பேசுவாரு? என்னைக் கட்டிக்கிறவங்க வீட்டுக்கு அவரு வந்து உக்காரணும், வாயத் திறந்து பேசணும். அது நடக்காதுன்னா எனக்குக் கல்யாணமே வேண்டாம். ஏற்கெனவே ரெண்டு தடவை ஆளுங்க வந்து சாப்பிட்டாங்க. ரொம்ப நாகரிகமான வெளியூர்க்காரங்க. அப்பா ரெண்டு தடவையும் குனிஞ்ச தலை நிமிரல. வந்தவங்களுக்கும் அவமானமா போச்சு. அதோட முடிஞ்சுது."

"கஸ்பாருக்கு இது தெரியுமா?"

"தெரியும். அதான் அவரு பத்து நாளா சரியா சாப்பிடறதில்ல."

அதுதான் காரணமா! நானோ அவன் குளத்துத் தண்ணீரைக் குடித்து வயிறு கெட்டுப்போயிற்று என்று நினைத்து அவனுக்குக் கஷாயம் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

போகிற நேரத்தில் மாயெல் வாசலில் நின்று, "உங்க வீட்டுக்காரர் பழைய கோப்பையெல்லாம் சேர்ப்பாராமே? எங்க போனாலும் புரட்டிப் பாத்துடுவாராமே?" என்று கேட்டாள்.

எனக்கு மானம் போயிற்று. "பயப்படாதம்மா. அன்னைக்கு அவரு கையைக் கட்டித்தான் கூட்டிட்டு வருவேன்" என்றேன். அவள் முகம் சட்டென்று வாடியது. ஏன் வாடியது என்று எனக்கு அப்போது புரியவில்லை. அப்பனை நினைத்துக் கவலைப்படுகிறாள் என்று எண்ணிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காரில் ஏறியதிலிருந்து ஒக்தாவ் பேரம் பேசிக்கொண்டே வந்தார்.

"ஒரே ஒரு தட்டு, மொரிசெத்."

"ஒண்ணும் கிடையாது."

"சாப்பிட்டு முடிச்சு, காலியானதுக்கு அப்புறம்?"

"காலியோ ரொப்பினதோ, ஒண்ணும் கிடையாதுன்னு சொல்லிட்டேன். கை மேஜைக்கு மேல இருக்கணும். எனக்குத் தெரியற மாதிரி."

"அந்த மனுஷன் என்னைப் பெயிலாக்கினவன். ரவுண்டானாவுல இடது பக்கம் பாக்கலையாம். நான் பாத்தேன்."

"நீங்க பாக்கல."

"நீ அன்னைக்கு கார்ல இருந்தியா?"

"இன்னைக்கு இருக்கேனே. இப்பக்கூட பாக்கல."

பின் சீட்டிலிருந்து கஸ்பார், "அப்பா, தயவு செஞ்சு" என்றான். அவ்வளவு பெரிய உடம்பிலிருந்து அத்தனை சின்னக் குரல். எதற்கும் இருக்கட்டும் என்று, இறங்கும் முன் ஒக்தாவின் சட்டைப் பையிலிருந்த மூக்குக் கண்ணாடியை எடுத்து என் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். மீறிப் புரட்டினாலும் படிக்க முடியாது.

அர்மான் வாசலில் நின்று வரவேற்றார். ஒல்லியான, நெட்டையான ஆள். சட்டைக் காலரைத் தானே தேய்த்திருக்கிறார், நன்றாகவே தேய்த்திருக்கிறார். அந்த ஒன்றுக்காக மனத்துக்குள் ஒரு மதிப்பெண் போட்டேன். அவர் எங்களுக்கு என்ன மதிப்பெண் போட்டார் என்று தெரியவில்லை. ஒக்தாவைப் பார்த்து, "உங்களை எங்கேயோ பாத்திருக்கேனே" என்றார்.

"ரவுண்டானாவுல" என்றார் ஒக்தாவ்.

"ஓ."

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

சாப்பாடு பிரமாதம். வெண்ணெய் தடவிய முள்ளங்கி, எங்கள் பக்கத்துக்கே உரிய, மாவுக்குள் உருளைக்கிழங்கு வைத்துப் பாலேடு ஊற்றிச் சுட்ட பண்டம், கன்றுக்கறி வறுவல், பாலாடைக்கட்டி எல்லாம் மாயெல் கைப்பக்குவம். பேச்சுதான் ஏறவே இல்லை. கஸ்பார் ஏதாவது பேச வேண்டுமே என்று, "உங்களுக்கு நீச்சல் தெரியுமா சார்?" என்று கேட்டான்.

"தெரியாது."

"கத்துக்கணும்னு ஆசை..."

"இல்ல."

ஒக்தாவ், "இந்தக் காலத்துல ரோட்ல எவனும் ஒழுங்கா ஓட்டறதில்ல" என்று தூண்டில் போட்டார். "எந்தக் காலத்துலயும் ஓட்டல" என்றார் அர்மான், ஒக்தாவை நேராகப் பார்த்து. கடைசியில் செர்ரிப் பழம் போட்டுச் சுட்ட கிளாஃபூத்தி என்ற இனிப்பு வந்தது. எங்கள் ஊரில் கொட்டையை எடுக்காமல்தான் போடுவோம். ஐந்து பேரும் கொட்டைகளைத் தட்டின் ஓரத்தில் துப்பும் சத்தம்தான் அந்த அறையில் கேட்டது. ஆனால் ஒக்தாவைப் பாராட்ட வேண்டும். ஐந்து வகைத் தட்டுகள் வந்தன, ஒன்றைக்கூடப் புரட்டவில்லை. நெற்றியெல்லாம் வியர்வை.

அப்புறம் காபி வந்தது.

மாயெல் தட்டில் வைத்துக் கொண்டுவந்த கோப்பைகளைப் பார்த்ததும் ஒக்தாவின் கால் மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தது. மெல்லிசான பழைய பீங்கான். விளிம்பில் தங்கப் பூச்சு அங்கங்கே தேய்ந்திருந்தது. உடம்பெல்லாம் சின்னச் சின்ன நீலப் பூக்கள். நானும் திரும்ப மிதித்தேன். அவர் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் கொடுத்து அவற்றின்மேலேயே உட்கார்ந்துகொண்டார். மாயெல் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். "சர்க்கரை வேணுமா? நல்லாப் பாத்துக் குடிங்க" என்றாள்.

நான் கோப்பையைத் தூக்கி ஒரு மடக்குக் குடித்தேன். தூக்கிய நிமிஷம் அர்மான் தலையைக் குனிந்துகொண்டார். கீழே வைத்ததும் நிமிர்ந்தார். கஸ்பார் தூக்கினான், மறுபடியும் குனிந்தார். நாங்கள் குடிப்பதைப் பார்க்கக்கூட இந்த மனுஷனுக்குப் பிடிக்கவில்லையா? எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அப்படி என்ன குறைந்துபோனோம்? பிறகு கஸ்பாரின் காது சிவந்திருப்பதைப் பார்த்தேன். சின்ன வயதிலிருந்தே அழுகையை அடக்கும்போது அவனுக்குக் காதுதான் முதலில் சிவக்கும். கோபம் போயிற்று. அவ்வளவுதான், என் பிள்ளைக்கு இந்தப் பெண் இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் கஸ்பார் கோப்பையை இன்னொரு முறை தூக்கினான். அவன் எனக்கு நேர் எதிரில் உட்கார்ந்திருந்தான். கோப்பையின் அடி என் கண்ணில் பட்டது. சிவப்பாக ஏதோ இருந்தது. முத்திரை என்றால் ஒரு வட்டம், இரண்டு சொல், அவ்வளவுதான் இருக்க வேண்டும். இது வரிவரியாக இருந்தது.

எந்தச் சித்திரக்காரன் அடியில் கதை எழுதுவான்?

என் கோப்பையை அது இருந்த சின்னத் தட்டிலிருந்து லேசாகத் தூக்கி அடியில் விரலை விட்டேன். தட்டுப்பட்டது. ஒரு வரி, அதற்குக் கீழே இன்னொரு வரி, அதற்கும் கீழே ஏதோ. விரல் இன்னும் தேடிக்கொண்டிருக்கும்போதே என் கை தானாகத் திரும்பிவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், என்னைக் கேட்கவே இல்லை.

காபி முழுவதும் வெள்ளை மேஜைவிரிப்பில் கொட்டிற்று. கொட்டியது அப்படியே ஓடி கிளாஃபூத்தித் தட்டைச் சுற்றிக்கொண்டு அர்மானின் மடியை நோக்கிப் போயிற்று.

"மொரிசெத்!" என்று ஒக்தாவ் கத்தினார். அந்தக் குரலில் பதற்றம் பாதி, பரம சந்தோஷம் பாதி.

அர்மான் எழுந்து நின்றார். முகம் வெளுத்திருந்தது. வெளியே போ என்று சொல்லப்போகிறார் என்று நான் கைப்பையைத் தேடினேன். அவர் மேஜையில் இரண்டு கைகளையும் ஊன்றி, கரகரத்த குரலில் கேட்டார்.

"என்ன முத்திரை?"

எனக்குக் காது சரியாகக் கேட்கவில்லையோ என்று நினைத்தேன்.

"சொல்லுங்கம்மா. அடியில என்ன முத்திரை இருக்கு?"

"நானும் அதைத்தான் கேக்க வந்தேன்" என்றார் ஒக்தாவ்.

அர்மான் மெதுவாக உட்கார்ந்தார். மடியில் காபி சொட்டியதை அவர் கவனிக்கவே இல்லை. "முப்பத்தோரு வருஷமா இந்தக் கோப்பையில குடிக்கறேன். ஒரு தடவைகூடப் புரட்டிப் பாத்ததில்ல" என்றார்.

"நீங்க லிமோஜ்காரர்தானே?" ஒக்தாவுக்கு நம்பவே முடியவில்லை.

"அதான் வினையே. என் பொஞ்சாதி நொல்வென் வெளியூர்க்காரி, பிரிட்டனி கடற்கரைப் பக்கம். பொண்ணு பாக்கறதுக்கு முதமுதல்ல அவங்க வீட்டுக்குப் போனேன். இதே கோப்பையிலதான் காபி குடுத்தாங்க. அவங்க கொள்ளுப்பாட்டி காலத்துது. நான் என்ன பண்ணினேன்? குடிச்சேன், புரட்டப் போனேன். அடி தெரியறதுக்குள்ள என் மாமியார் கையைப் பிடிச்சுட்டாங்க. 'இவன் பொண்ணைப் பாக்க வந்தானா, எங்க வீட்டுச் சாமான் என்ன விலை போகும்னு பாக்க வந்தானா?' ஒரே ரகளை. கல்யாணமே நின்னுபோற மாதிரி ஆயிடுச்சு. கடைசியில நொல்வென் சொன்னா, 'இந்தக் கோப்பைங்க என்கூட வரும். இதை மட்டும் நீ புரட்டவே மாட்டேன்னு சத்தியம் பண்ணு, எங்க அம்மாவை நான் பாத்துக்கறேன்'னு. பண்ணினேன்."

"அவங்கதான் இப்ப இல்லையே" என்று நான் கேட்டேன். கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"சத்தியம் இருக்கே. கழுவறது துடைக்கறது எல்லாம் அவதான். அப்புறம் மாயெல். வேற யாராவது தூக்கிக் குடிக்கும்போது அடி தெரிஞ்சுடும். அதனால தலையைக் குனிஞ்சுக்குவேன்."

நானும் ஒக்தாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பாவம், முன்னால் வந்த அந்த இரண்டு குடும்பங்களும்! எவ்வளவு மனம் புண்பட்டுப் போயிருப்பார்கள். இந்த மனுஷன் ஆசையை அடக்கத் தலை குனிந்திருக்கிறார்.

கைப்பையைத் திறந்து ஒக்தாவின் கண்ணாடியை எடுத்தேன். அவர் கை நீட்டினார். கொடுக்கவில்லை. நானே மாட்டிக்கொண்டு கோப்பையை ஜன்னல் பக்கம் திருப்பினேன்.

"பச்சையில ஒரு அணில். கீழ ரெண்டு எழுத்து."

"அணிலா!" ஒக்தாவ் தொடையைத் தட்டினார். "அணில் சூளை! சந்தையில பத்து வருஷமா தேடறேன்!"

"சித்திரக்காரன் முத்திரை?" என்று கேட்டார் அர்மான். "சிவப்பு?"

நான் படித்தேன். இன்னொரு தடவை படித்தேன். "இது முத்திரை இல்ல. கையெழுத்து. உங்களுக்குத்தான் எழுதியிருக்கு."

"எனக்கா?"

"'புரட்டிட்டியா, அர்மான்? சத்தியம் என்னாச்சு?'"

அர்மான் மாயெலைத் திரும்பிப் பார்த்தார். அவள் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். கண்ணில் நீர் வழிந்தது, ஆனால் தோள் சிரிப்பில் குலுங்கியது.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்ப்பா. நீங்க எப்படியும் திருட்டுத்தனமா புரட்டிப் பாப்பீங்கன்னு அம்மா நெனச்சிருக்கா. கல்யாணம் ஆன புதுசுல, சாயங்காலம் பீங்கான்ல படம் வரையக் கத்துக்கப் போனாளே, அப்ப எழுதிச் சுட்டுக் கொண்டுவந்து வச்சுட்டா. என்கிட்டயும் சத்தியம் வாங்கிட்டா. 'நீ சொல்லக்கூடாது, அவராத்தான் பாக்கணும்'னு. நான் என்ன பண்ணுவேன்? யாராவது ஒருத்தர் புரட்டமாட்டாங்களான்னு வர்றவங்களுக்கெல்லாம் இதுலயே காபி ஊத்திக் குடுத்தேன். எல்லாரும் ஒழுங்கா குடிச்சிட்டு ஒழுங்கா வச்சுட்டுப் போயிட்டாங்க." அவள் என் பக்கம் திரும்பினாள். "நீங்க வேற அவரு கையைக் கட்டிக் கூட்டிட்டு வர்றேன்னு சொன்னீங்க. எனக்கு அழுகையே வந்துடுச்சு."

"மத்த கோப்பையிலயும் இருக்கா?" என்று கஸ்பார் கேட்டான். அந்த மேஜையில் அவன் முதல் முறையாகத் தன் சொந்தக் குரலில் பேசினான்.

அர்மான் தன் கோப்பையை என் பக்கம் தள்ளினார். "நீங்க பாருங்கம்மா. நான் தொடமாட்டேன்."

"இன்னுமா?"

"சத்தியம் பண்ணினது நான்தானே. நீங்க இல்லையே."

இந்த மனுஷனிடமா ஒக்தாவ் இடது பக்கம் பார்த்ததாகப் பொய் சொல்லித் தப்பிக்கப் பார்த்தார் என்று நினைத்துக்கொண்டேன். இந்த முறை ஒழுங்காக, மிச்சமிருந்த காபியைக் குடிக்கச் சொல்லிவிட்டு, ஒவ்வொன்றாக வாங்கிப் புரட்டினேன். எல்லாவற்றிலும் பச்சை அணில், அதன் கீழே சாய்வான சிவப்பு எழுத்து.

கஸ்பாருடையதில், "காபியைக் குடிச்சிட்டுத்தானே புரட்டினே?" என்றிருந்தது. என்னைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

மாயெலுடையதில், "எங்க அம்மாகிட்ட சொல்லமாட்டேன். பயப்படாதே."

ஒக்தாவுடையதில், "லிமோஜ்காரன் லிமோஜ்காரன்தான்." அவர் அதை ஒரு விருது மாதிரி வாங்கிக்கொண்டார்.

அர்மானுடையதில், "இவ்வளவு நாள் எப்படித் தாங்கினே?"

அந்த இடத்தில் அர்மான் சிரிப்பதை நிறுத்தினார். "அவ காத்துட்டு இருந்தாளா?" என்று மாயெலைக் கேட்டார்.

மாயெல் தன் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டாள். பிறகு, "ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் இதை வெளிய எடுப்பாள்ல? குடிச்சதும் உங்களை இங்க தனியா விட்டுட்டு அடுப்படிக்குப் போயிடுவா. கதவுக்குப் பின்னாடி நின்னு காது குடுத்துக் கேப்பா. நீங்க சிரிக்கறீங்களான்னு" என்றாள்.

"நான் ஜன்னல் வழியா வெளிய பாத்துட்டு உக்காந்திருப்பேன்."

"ஆமாம்ப்பா. அவ திரும்பி வந்து, 'உங்கப்பா மாதிரி ஒரு ஆளை நான் பாத்ததே இல்ல'ன்னு என் காதுல சொல்லுவா. கோபமா இல்லப்பா. பெருமையாத்தான் சொல்லுவா."

இத்தனை வருஷம் ஒருத்தி கதவுக்குப் பின்னால் நின்றிருக்கிறாள், ஒருவர் கதவுக்கு முன்னால் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார், இரண்டு பேரும் அன்பால்தான். அழுகையை வெளியே காட்டிக்கொள்ளாமல் மேஜைவிரிப்பின் கறைமேல் குளிர்ந்த தண்ணீரை ஊற்ற ஆரம்பித்தேன். காபிக் கறை காய்ந்தால் போகாது. யாராவது ஒருவர் அதைப் பார்க்க வேண்டுமல்லவா.

"ஆறு கோப்பைதானே இருக்கும்?" என்றார் ஒக்தாவ். "இங்க அஞ்சுதான் இருக்கு."

மாயெல் கண்ணாடி அலமாரியைத் திறந்து ஆறாவதை எடுத்து வந்தாள். அதில் அவள் அம்மாவைத் தவிர யாரும் குடித்ததில்லையாம். அம்மா போன பிறகு அதை யாரும் எடுக்கவே இல்லை. என் கையில் கொடுத்தாள். கண்ணாடி மங்கலாகிவிட்டது, கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டேன். அர்மான் இந்த முறை தலையைக் குனியவில்லை, என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"'என் கோப்பையையுமா? சரி, போதும். என்கிட்ட வா, சேந்து சிரிக்கலாம்.'"

அர்மான் எழுந்தார். கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டார். என்னிடமிருந்து அந்தக் கோப்பையை வாங்கி, அடி தெரியாமல் நிமிர்த்தியே வாங்கி, கைக்குட்டையில் சுற்றினார்.

"எங்க கிளம்பிட்டீங்கப்பா?"

"கூப்பிட்டிருக்கா. போகணும்ல."

கல்லறைத் தோட்டம் ஊரின் வடக்குக் கோடியில் இருக்கிறது. நடந்து போகிற தூரமில்லை. எங்கள் கார்தான் வாசலை மறித்துக்கொண்டு நின்றது, அதனால் எல்லோரும் அதிலேயே ஏறினோம். அர்மான் முன் சீட்டில் உட்கார்ந்தார். ஒக்தாவ் என்னிடமிருந்து கண்ணாடியை வாங்கிச் சட்டைப் பையில் போட்டு, முதுகை நிமிர்த்திக்கொண்டு வண்டியை எடுத்தார். அதே ரவுண்டானா வந்தது.

"இடது பக்கம் பாருங்க" என்றார் அர்மான்.

"பாத்துட்டேன்."

"பாக்கல."

"பாத்தேன் சார்!"

"இப்ப பாத்தீங்க. நான் சொன்னதுக்கு அப்புறம்." சொல்லிவிட்டு அவர் சிரித்தார். ஒக்தாவும் சிரித்தார். பின்னால் எங்கள் மூன்று பேருக்கும் முழங்கால் இடித்துக்கொண்டது. கஸ்பாரும் மாயெலும் கையைக் கோத்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் அவர்கள் முகத்தில் இன்னும் அந்தக் கேள்வி இருந்தது. அந்த மனுஷன் பழைய கதை சொன்னார், சிரித்தார், எல்லாம் செய்தார். கல்யாணத்தைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கேட்கவும் எங்களுக்குத் துணிச்சல் இல்லை. அன்றைய நாள் அவருக்கும் நொல்வெனுக்கும் உரியது, நடுவில் போய் நம் கணக்கைப் பேசுவதா?

நல்ல வெயில். கல்லறைத் தோட்டத்து மரங்களின் வெளிர்மஞ்சள் பூக்களில் தேனீக்கள் இரைந்தன. நொல்வெனின் கல்லறை சின்னது, பெயரும், பிறந்த வருஷமும் இறந்த வருஷமும் மட்டும்தான். நாங்கள் நாலைந்து அடி தள்ளி நின்றுகொண்டோம். ஒக்தாவ் என் காதருகில், "அந்த ஆறாவது அணிலை நான் இன்னும் பாக்கல" என்று முணுமுணுத்தார். முழங்கையால் ஒரு இடி கொடுத்தேன்.

அர்மான் கைக்குட்டையைப் பிரித்து, கோப்பையைக் கல்லின்மேல் நேராக வைத்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். தேர்வு முடிவு சொல்கிறபோது இப்படித்தான் நிற்பார் போலிருக்கிறது.

"வந்துட்டேன் நொல்வென்" என்றார். "கொஞ்சம் லேட்டாயிடுச்சு."

பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, ஒரு அதிகாரிக்கே உரிய கண்டிப்போடு சொன்னார்.

"ஆனா ஒண்ணு, நான் சத்தியத்தை மீறல. புரட்டினது நான் இல்ல. நம்ம சம்பந்தியம்மா."

மாயெல் என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். கஸ்பாரின் காது இரண்டும் செக்கச்செவேலென்று ஆகிவிட்டது. அங்கே கல்லறைக்கு முன்னால் அர்மான் தனியாக, விட்டு விட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்.